இருபத்தொரு நாள் தொட்டி

ஏலக்காய் விலை ஏறிய வருஷங்களில், எழுபதுகளின் கடைசியில், போடியில் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஒருவர் வீடு முழுக்க மொசைக் போட்டார். இன்னொருவர் அம்பாசடர் கார் வாங்கி, அதைத் துணி போட்டு மூடி வாசலில் நிறுத்திவிட்டு, எஸ்டேட்டுக்கு வழக்கம்போல ஜீப்பிலேயே போய்வந்தார். என் கணவர் கூடத்தில் கடல் மீன் தொட்டி வைத்தார். ஊரில் எவரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. அதற்குத் தோதாக ஒரு மாமனாரும் வாய்த்திருந்தார்.

அந்த மாமனார் என் அப்பா. ராமேஸ்வரம் போகிற வழியில் ஒரு கடற்கரை ஊரில், மீன்களை வளர்த்து ஆராய்ச்சி செய்கிற இடத்தில் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுகிற வேலை பார்த்தார். படித்தவர்கள் நோட்டில் எழுதுவார்கள். மீன் சாகாமல் பார்த்துக்கொள்வது அப்பா. நான் அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவள். அம்மா தேவாரத்துக்காரர். தன் அண்ணன் மகனுக்கே என்னைக் கட்டிவைத்துவிட்டு அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா அதற்கும் முன்பே இல்லை. ஆக, போடி வீட்டில் நான், கணவர், அத்தை, கல்யாணத்துக்கு நின்ற நாத்தனார். கடற்கரையில் ஒற்றை அறைக் குடியிருப்பில் அப்பா மட்டும்.

மதுரையில் இரும்புச் சட்டம் அடித்துக் கண்ணாடி பதித்து, வைக்கோல் சுற்றி லாரியில் வந்த தொட்டி அது. வீட்டுக்கு யாராவது வந்தால் அது அவர் தொட்டி. பாசி பிடித்தால், மோட்டார் நின்றால், கரண்ட் போனால் அது என் தொட்டி. கரண்ட் போன நேரத்தில் டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் காற்றேற்றிக்கொண்டு நான் நின்றது எத்தனை மணி நேரம் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட்டதும் இல்லை.

தண்ணீர் அப்பாவோடு வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான்கு பெரிய கேன்களில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ரயிலில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து போடி ரயில் ஏறுவார். சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்கள் பழமும் பூவும் கொண்டுபோவார்கள். என் அப்பா உப்புத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருவார். ஸ்டேஷனில் ஆட்கள் தீர்த்தமா என்று கேட்டுச் சிரிப்பார்கள். அத்தை அதை நிஜமாகவே தீர்த்தம் ஆக்கிவிட்டார். அக்கம்பக்கத்தில் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்து ராமேஸ்வரம் தண்ணீர் என்றார். கொண்டுவந்த மனுஷருக்கு ஒரு வாய் காப்பி கொடுக்க மட்டும் பல நாள் மறந்துபோகும்.

தொட்டியில் இருந்தது ஒரு ஜோடிக் கோமாளி மீன். கறுப்பு உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். கூடவே ஒரு கடல் சாமந்தி. பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் அதுவும் உயிர்தான். அதன் கைகள் மற்ற மீன்களைக் கொட்டும். கோமாளி மீனை மட்டும் ஒன்றும் செய்யாது. அந்தக் கைகளுக்குள் புகுந்து புரண்டு படுத்துக்கொள்ளும். அம்மா இறந்த வருஷம் அப்பா கொண்டுவந்து விட்டவை. ஐந்து வருஷம் இருந்தன. கண்மாய் இறாலைப் பொடியாக நறுக்கி விரல் நுனியில் வைத்து நீட்டினால் பெரியது வந்து வாங்கிக்கொள்ளும். அந்த வீட்டில் என் பிறந்த ஊரிலிருந்து வந்த உயிர்கள் அவை மட்டும்தான். அவற்றோடு நான் பேசுவேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பேசுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் சின்ன மீன் மேல்மூடி இடுக்கு வழியாகத் துள்ளி வெளியே விழுந்து, சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. பெரியது தனியாயிற்று. அதே சமயத்தில்தான் நாத்தனாரைப் பெண் பார்க்கச் சின்னமனூரிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. அத்தைக்குப் பதற்றம் தொற்றிக்கொண்டது.

“நல்ல காரியத்துக்கு வர்றவுக கண்ணுல ஒத்தையா ஒரு மீனு படணுமா? சோடி சேத்து விடச் சொல்லு ஒங்கப்பன்கிட்ட. இல்லாட்டி அதையும் எடுத்து எங்கிட்டாவது கடாசு.”

கடாசு என்றார். நான் அப்பாவுக்கு எழுதிப்போட்டேன்.

கடலில் காற்று ஓய்ந்தால்தான் அந்த மீன் கிடைக்கும். கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது பெண் பார்க்கும் நாளுக்குப் பத்து நாள்தான் பாக்கி. மூங்கில் கூடைக்குள் ஈரச்சாக்கு, சாக்குக்குள் பிளாஸ்டிக் பை, பைக்குள் பாதி தண்ணீரும் பாதி காற்றுமாக இரண்டு குட்டி மீன்கள். பெரிய ஸ்டேஷன்களில் வண்டி நிற்கும்போதெல்லாம் பை வாயைத் திறந்து புதுக் காற்று பிடித்துக்கொண்டு, கண்ணே மூடாமல் வந்திருந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. உட்காரக்கூட இல்லை.

“பொறத்தாலே வைக்கச் சொல்லி எழுதுன தொட்டியத் தயார் பண்ணிட்டியா ஆத்தா?” என்றுதான் முதலில் கேட்டார்.

தயாராக வைத்திருந்தேன். வீட்டின் பின்னால் ஏலக்காய் மூட்டை அடுக்குகிற அறையில், ஜன்னல் ஓரமாக, ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. போன முறை வந்த நான்கு கேன் கடல் தண்ணீரில் இரண்டை மட்டும் ஊற்றி, காற்றுக் குழாய் விட்டிருந்தேன். அப்பா பையை அப்படியே அதில் மிதக்கவிட்டார், பைத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று. அப்புறம் மீன்களைத் தண்ணீரோடு ஒரு வாளிக்கு மாற்றி, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபைத் தொட்டிக்கும் வாளிக்கும் நடுவில் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இரண்டு மணி நேரம் அந்த டியூபைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

கணவர் எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கி எட்டிப் பார்த்தார்.

“என்ன மாமா, கடல்ல கெடந்த மீனுக்குக் கடல் தண்ணிய எதுக்கு இப்படி ஊட்டிக்கிட்டு இருக்கீக?”

“அந்தத் தண்ணி வேற, இது வேற மாப்ளே. இங்கன தண்ணி வத்த வத்த உப்பு ஏறும். திடுதிப்புனு விட்டா மீனு தாங்காது. கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும், மறுநாளு மெதக்கும்.”

கடைசியில் அப்பா மீன்களை மட்டும் கையால் ஏந்தித் தொட்டியில் விட்டார். வாளியில் மிஞ்சிய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் சாக்கடையில் கொட்டினார். மீன் வந்த தண்ணீரில் நோயின் விதை இருக்கும், அது எந்தத் தொட்டிக்கும் போகக் கூடாது. அவர் வேலை பார்த்த இடத்தில் அது சட்டம். எனக்கு அது பல் தேய்க்கிற மாதிரிப் பழகிய விஷயம்.

இருபத்தொரு நாள் தனியாக இருக்க வேண்டும். தனி வலை, தனிக் குவளை. இந்த அறையில் நனைந்த கையைக் கூடத்துத் தொட்டியில் விடக் கூடாது. மேலுக்கு ஒன்றும் தெரியாத மீனுக்குக்கூட உள்ளே நோய் இருக்கும். உப்பை அள்ளித் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளியாக அது வெளியே வர நாள் எடுக்கும். அதற்கு மருந்து மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர். ஒரு சின்ன பாட்டிலில் அப்பா கொண்டுவந்திருந்தார். நாளுக்கு இத்தனை சொட்டு என்று அவரே முதல் நாள் அளவை எண்ணி விட்டார்.

“இதச் சாமந்தி இருக்குற பக்கமே கொண்டு போயிறாத ஆத்தா. மீனு தாங்கும், அது தாங்காது. செத்துச்சுன்னா தொட்டியே நாறிப் போகும்.”

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துத்தமும் சுண்ணாம்பும் பீப்பாய் பீப்பாயாகக் கலக்கி, மழைக்காலத்தில் ஏலச்செடிக்கு அழுகல் வராமல் அடிக்கிறவர் அவர்.

“நம்ம மருந்தத்தான் மீனுக்கும் குடுக்குறீகளா? எங்க ஸ்டோர்ல மூட்டைக் கணக்குல கெடக்கே மாமா, சொல்லியிருந்தா தந்திருப்பேனே.”

அப்பாவும் சிரித்தார். மாப்பிள்ளை சிரித்தால் அவரும் சிரித்துவிடுவார். பிறகு தயங்கித் தயங்கி, இருபத்தொரு நாள் என்பதை இன்னொரு முறை சொன்னார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெரிய மீனையும் சாமந்தியையும் காட்டினால் போதாதா என்று கேட்டார். “அதுக்கென்ன மாமா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிருவோம்” என்று கணவர் சொன்னார். என் முன்னால்தான் சொன்னார். அப்பா அந்த வாக்கை நம்பி மத்தியான ரயிலுக்குக் கிளம்பினார்.

அந்தப் பத்து நாளும் நான் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தேன் என்று நினைக்கிறேன். விடிந்ததும் பின்னறைக்குப் போவேன். மூட்டைகளின் வாசம் மூக்கை அடைக்கும். குட்டிகள் இரண்டும் மூன்றாம் நாளிலிருந்து இரை எடுத்தன. நான்காம் நாள் ஒன்றின் துடுப்பில் வெள்ளையாக ஒரு பொட்டு வந்தது. சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டேன். எட்டாம் நாள் பொட்டு காணாமல் போயிற்று. அப்பா சொன்னதெல்லாம் சரி என்று அந்த ஒரு பொட்டே காட்டிவிட்டது. ஒருவேளை நேராகக் கூடத்தில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணவரிடம் சொன்னேன். அவர் “ம்” என்றார்.

பெண் பார்க்கும் நாள் காலை நான் அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். ஒரு வேலையாகப் பின்னறைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாடித் தொட்டி காலி. அடியில் ஒரு விரல் உயரத்துக்குக்கூடத் தண்ணீர் இல்லை. காற்றுக் குழாய் வெறும் கண்ணாடியில் புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டிருந்தது.

ஓடினேன். கணவர் வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு நின்றார்.

“மச்சான், பின்னால இருந்த மீனு எங்க?”

“கூடத்துல போயிப் பாரு. ஜம்முனு ஓடுதுக.”

“இன்னும் பதினோரு நாளு இருக்கே!”

“வர்றவுக பதினோரு நாளு கழிச்சா வர்றாக?”

“தண்ணி? அந்தத் தண்ணிய என்ன செஞ்சீக?”

“அதோடதான் ஊத்துனேன்” என்றார். பெருமையாகச் சொன்னார். “நாத்தங்கால்ல இருந்து ஏலக் கன்னுகள எப்படிப் பேத்து எடுப்போம்? வேர அலசியா நடுறோம்? தாய்மண்ணோட எடுத்து அப்படியே குழியில வச்சாத்தான் வாடாம புடிக்கும். ஒங்கப்பாவுக்கு இது தெரியல, தண்ணியக் கொட்டிட்டு வெறும் மீனத் தூக்கிப் போடுறாரு. நான் ஸ்டோர்ல இருந்து ஒரு சிட்டிகை துத்தமும் கொண்டாந்து தூவி விட்ருக்கேன். அழுகலு கிட்டக்க வராது.”

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இதை எழுதத்தான் எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது, ஆனால் உண்மை அதுதான். போடிமெட்டுச் சரிவில் அவர் தாத்தா காலத்திலிருந்து அந்த முறையில்தான் கன்று நட்டார்கள். நட்டதெல்லாம் பிடித்தது. சாமந்தி தாங்காது என்று அப்பா சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. மலையில் பிடித்தது கூடத்தில் பிடிக்காதா என்ன? ஐந்து வருஷம் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்ட ஒருத்தி அடுப்படியில் இருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்போம் என்று மட்டும் தோன்றவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

பின்னறையில் இன்னும் இரண்டு கேன் நல்ல கடல் தண்ணீர் இருந்தது. உடனே சாமந்தியையும் பெரிய மீனையும் அதில் மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும். கால் மணி நேர வேலை. நான் வாளியைக் கையில் எடுத்தும்விட்டேன். வாசலில் கார் வந்து நின்றது. அத்தை என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி வைத்தார்.

“வந்தவுக முன்னால கூடத்துல தண்ணிய எறைச்சுக்கிட்டு நிக்கப் போறியா? சேலைய மாத்திட்டு வெரசா வா.”

மாற்றிக்கொண்டு வந்தேன். கேசரித் தட்டை ஏந்தி நின்றேன். வந்த பெண்களில் ஒருவர் தொட்டியிடம் போய், “இது உசுரோட இருக்குற பூவா?” என்று வியந்தார். கணவர் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு குட்டிகளும் மிரண்டு ஒரு மூலையில் நடுங்கின. சாமந்தி தன் கைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பெரிய மீன் அதற்குள் நுழையப் பார்த்து, இடம் கிடைக்காமல், மறுபடி மறுபடி முட்டியது. வந்தவர்கள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் தட்டை நீட்டி, சாப்பிடுங்க, சாப்பிடுங்க என்றேன்.

அவர்கள் கார் ஏறியதும் ஓடிப்போய் கேன் தண்ணீரை வாளியில் ஊற்றி, பெரிய மீனையும் சாமந்தியையும் குட்டிகளையும் மாற்றினேன். சாமந்தி என் உள்ளங்கையில் கொழகொழவென்று கரைந்தது. மறுநாள் காலையில் வாளித் தண்ணீர் அரிசி கழுவியதுபோல் இருந்தது. பெரியது ஒருக்களித்துக் கிடந்தது. குட்டிகளும் உயிரோடு இல்லை. கூடத்துத் தொட்டியில் மிச்சமிருந்த நாற்றம் வீடு முழுக்கச் சுற்றியது.

கணவர் வந்து பார்த்தார். பிறகு, “சீக்கு மீனு போல இருக்கு” என்றார். அப்போது அதை மெதுவாக, என்னைக் கேட்பதுபோல்தான் சொன்னார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். சாயங்காலம் அத்தையிடம் அதையே நிச்சயமாகச் சொன்னார். இரண்டு மூன்று நாளில் ஏலக்காய்க் கடைகளில் அவர் கூட்டாளிகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, மாமனார் சீக்கு மீனைக் கொடுத்து நல்ல மீனையும் சாகடித்துவிட்டார் என்று. திரும்பத் திரும்பச் சொல்லி அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சின்னமனூர்க்காரர்களிடமிருந்து பதிலே இல்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே காரணம்தான் சொன்னார்கள்.

நான் அப்பாவுக்கு எதுவும் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அடுத்த நடைக்கு அவர் வழக்கம்போல நான்கு கேன்களோடு வந்து இறங்கினார். இருபத்தொரு நாள் முடிந்து குட்டிகள் கூடத்துக்கு வந்திருக்கும் என்ற நினைப்பில் முகமெல்லாம் சிரிப்பு. கூடத்தில் தொட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் அத்தை பிளாஸ்டிக் பூச்சாடி வைத்திருந்தார். அப்பா கேனை இறக்கக்கூட இல்லை.

அத்தைதான் ஆரம்பித்தார்.

“என்ன அண்ணே, சீக்குப் புடிச்ச மீனக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டீகளே. நல்ல காரியம் நடக்குற வீடுன்னு தெரியாதா? அதுகளும் செத்து, இருந்ததும் செத்து, வந்த எடமும் தட்டிப் போச்சு.”

அப்பா அத்தையைப் பார்த்தார். அறை வாசலில் நின்ற கணவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கிற பார்வைதான், அந்த ஆராய்ச்சித் தொட்டிகளில் மீன் செத்தால் பார்ப்பாரே, அது.

“அந்த மருந்துத் தண்ணியப் பெரிய தொட்டியில ஊத்திட்டீகளா ஆத்தா?”

ஒரே கேள்வி. சரியான கேள்வி. முப்பது வருஷம் தொட்டி கழுவிய மனுஷர் நின்ற இடத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். நான் ஆமாம் என்று சொன்னால் போதும்.

கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டவில்லை. கண்ணைக்கூட உருட்டவில்லை. எனக்குத்தான் பயம். ஆமாம் என்றால் அன்று இரவு அந்த வீடு எப்படி இருக்கும், அடுத்த நாள் எப்படி இருக்கும், பிறகு வருகிற வருஷங்கள் எப்படி இருக்கும் என்று எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தது. ஒற்றை அறைக்கு அப்பாவோடு திரும்பிப்போக முடியாது. அப்பாவுக்கு என்ன, மத்தியான ரயிலுக்குப் போய்விடுவார், அவருக்கு நான் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

“இல்லப்பா” என்றேன். “நீங்க சொன்ன மாதிரியே வச்சிருந்துட்டுத்தான் கூடத்துல விட்டேன். தானாச் செத்துப்போச்சு.”

அப்பா கேனைக் கீழே வைத்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் மாப்பிள்ளையைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

“எங்கையிலதான் ஏதோ தப்பு நடந்துபோச்சு மாப்ளே. மன்னிச்சிக்கிருங்க.”

“அட, விடுங்க மாமா. வேணும்னா செஞ்சீக?” என்றார் கணவர்.

அவர் என் அப்பாவை மன்னித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மனிதர் தான் செய்த தப்புக்கு அடுத்தவரைப் பெருந்தன்மையாக மன்னிப்பதை அவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

நான்கு கேன் தண்ணீரையும் அப்பாவே பின்னால் தூக்கிக்கொண்டு போய், தென்னை மரத்து வேருக்குப் போகாமல் தள்ளிச் சாக்கடையில் கொட்டினார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அவரிடம் உண்மையைச் சொல்ல ஸ்டேஷன் வரை கூடப் போயிருக்கலாம். கணவர் அன்று ஜீப்பில் தானே கொண்டுபோய் விட்டார். அவர் அதற்கு முன்பு ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. திரும்பி வரும்போது எனக்கு மல்லிகைப் பூ வாங்கி வந்தார். நான் அதை வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அவருக்கு எழுதுவது சுலபமில்லை. ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தி எழுதியிருந்தார். மீன் ஏன் செத்தது என்று தினமும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம். மானாமதுரையில் பையைத் திறந்தபோது எஞ்சின் கரி ஏதும் விழுந்திருக்குமோ? தூக்கக் கலக்கத்தில் முதல் நாள் மருந்தின் சொட்டைக் குறைத்து எண்ணிவிட்டேனோ? அல்லது வெற்றிலை போட்ட கையைச் சரியாகக் கழுவாமல் மீனை ஏந்திவிட்டேனோ? சுண்ணாம்பு மீனுக்கு ஆகாது. இங்கேயும் நிறையத் தொட்டிகள் என் கையில் இருக்கின்றன. இப்போதெல்லாம் தண்ணீரில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்து பார்த்தவள், எது என்று உனக்குத் தோன்றுகிறது, எழுது ஆத்தா என்று முடித்திருந்தார்.

அம்மா போன பிறகு அவருக்கென்று இருந்த ஒரே சுகம் அந்த வெற்றிலைதான். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் பொட்டலத்தைப் பிரித்து, நிதானமாக நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவிப் போடுவார்.

கடிதத்தைக் கணவரும் படித்தார். “பெரியவரு ரொம்ப நொந்து போயிட்டாரு. எதையாவது எழுதிப் போட்டுரு, மனசு ஆறட்டும்” என்றார்.

மூன்றில் எது அவரை அதிகம் வருத்தாது என்று நான் யோசித்தேன். கரி என்றால் இனி ரயிலில் வரவே பயப்படுவார். சொட்டு என்றால் வேலையில் நம்பிக்கை போய்விடும். வெற்றிலைக் கையாகத்தான் இருக்கும் அப்பா என்று எழுதி, நானே தபால் பெட்டியில் போட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. மனப் பாரம் இறங்கியது ஆத்தா, எனக்கும் அப்படித்தான் பட்டது, வெற்றிலையை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தார்.